புதுப்பிப்பு: கன்னியாவில் வைத்த தேன்பெட்டி

திருகோணமலை கன்னியாவில், எங்கள் வளவுத் தேன்பெட்டியில் தேனீப் புழுக்கள் செத்துக் கிடப்பதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். அழுகல் நோய் (பக்டீரியாவால் புழுக்கள் அழுகிப்போவது) என்று பலர் சொன்னீர்கள். நெருப்புக்குச்சியால் அறையைக் கிண்டிப் பார்த்தேன். அழுகல் நோயில் வருவதுபோல் பசை நூலாக இழுபடவில்லை. ஊசியால் தூக்கினால் புழு அப்படியே தண்ணீர்ப் பையாக வந்தது, தலை மட்டும் கறுத்துப்போய். சரி, புழுக்களை இப்படிப் பையாக்கிக் கொல்லும் சாக்புரூட் வைரஸ்தான் போல. 1991-92இல் தென்னிந்தியாவில் இதே இனத் தேனீக்களைப் பெருமளவு அழித்தது இதன் தாய்லாந்து வகை. வைரஸ் என்பதால் மருந்து கிடையாது; அன்டிபயாட்டிக் ஊட்டச் சொன்ன அண்ணன் மன்னிக்கவும்.

நோய் தொற்றப் புதுப் புழுக்கள் இல்லாதிருக்க, ராணியைக் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தினேன், கெட்ட அடைகளை எரித்தேன். அதற்குள் அடையைத் தின்னும் மெழுகு அந்துப்பூச்சி புகுந்து வலை பின்னிவிட்டது! இப்போது மூன்று அடை மிச்சம். இன்று காலை கால்களில் மஞ்சள் மகரந்தத்தோடு சில தேனீக்கள் வந்திறங்கின.