கல்லாப்பெட்டி யாரிடம் இருக்கிறது?

அக்கா: யார் வீட்டிலாவது பழைய சங்கிலி, பூட்டு, சாவிக்கொத்து இருக்கிறதா? சின்னவனுக்குப் பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம். பேய் வேஷம்.

அத்தை: பண்டிகையும் அதுவுமாகப் பேயா? தேவதை வேஷம் ஒன்றும் மிச்சமில்லையா?

அக்கா: தேவதை எல்லாம் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் போய்விட்டது அத்தை. இவன் மூன்றாம் வகுப்பு. மார்லி என்று ஒரு பேயாம்.

சித்தப்பா: மார்லியா! அப்படியென்றால் ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதை. வெறும் சங்கிலி போதாதும்மா. அதில் கல்லாப்பெட்டி, பேரேடு, பத்திரம், பணப்பை எல்லாம் கோத்திருக்கும். உயிரோடு இருந்தபோது எதையெல்லாம் கட்டிக்கொண்டு அழுதானோ, செத்த பிறகு அதையே இழுத்துக்கொண்டு அலைகிறான். நம் அச்சகத்துக் கல்லாப்பெட்டி பரணில் கிடக்கிறது. தருகிறேன்.

நான்: கதாநாயகன், அந்தக் கஞ்சன் ஸ்க்ரூஜின் தொழில் கூட்டாளிதானே மார்லி?

சித்தப்பா: அவனேதான். செத்து ஏழு வருஷம் ஆகியும் ஸ்க்ரூஜ் கடை வாசலில் அவன் பெயரை அழிக்கவில்லை. பெயிண்ட் செலவு மிச்சம் பார் 😄

அக்கா: தலையையும் தாடையையும் சேர்த்துத் துணியால் கட்டி அனுப்பச் சொல்லியிருக்கிறார் மிஸ். பேய்க்குப் பல்வலியா?

அத்தை: ஐயோ, செத்தவர்களுக்கு நாடியைக் கட்டுவது போலவா? உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு யாராவது அதைக் கட்டுவார்களா? நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சித்தப்பா: அது அதேதான் அக்கா. அங்கேயும் அந்த வழக்கம் உண்டு. கதையில் மார்லி அந்தத் துணியை அவிழ்த்ததும் தாடை தொங்கி நெஞ்சில் விழும். ஸ்க்ரூஜ் மண்டியிட்டு விடுவான்.

அண்ணன்: அப்புறம் மூன்று ஆவிகள் வந்து போனதும் கஞ்சன் ஒரே ராத்திரியில் வள்ளலாகி விடுவான். நான் ஆடிட் பண்ணுகிற முதலாளிகளுக்கு முப்பது ஆவி வந்தாலும் நடக்காது. எழுதியவர் மட்டும் நன்றாகச் சம்பாதித்திருப்பார்.

சித்தப்பா: அதுதான் இல்லை. கடன் நெருக்கியதால் ஆறே வாரத்தில் எழுதிய புத்தகம் அது. அச்சுச் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். சிவப்புத் துணி அட்டை, தங்க எழுத்து, ஓரத்திலும் தங்கப்பூச்சு. ஜான் லீச் வரைந்த நான்கு படங்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள், ஒவ்வொரு பிரதியிலும்! அட்டைக்கு உள்ளே ஒட்டும் தாளுக்கு முதலில் பச்சை. அது கையில் ஒட்டிக்கொண்டு வந்ததால் மஞ்சளுக்கு மாற்றினார்கள். அப்படி மாற்றச் சொல்லும் கஸ்டமர் வந்தால் நான் ஒளிந்துகொள்வேன். விலை மட்டும் 5 ஷில்லிங்குக்கு மேல் போகக் கூடாது என்று விட்டார். 1843 டிசம்பர் 19இல் வெளியானது, கிறிஸ்துமஸுக்குள் 6,000 பிரதியும் காலி. 1,000 பவுண்டு வரும் என்று நினைத்தவருக்குக் கிடைத்தது 230.

அண்ணன்: 😳

சித்தப்பா: இன்னும் கேள். ஜனவரியிலேயே ஒரு கும்பல் திருட்டுப் பதிப்பு போட்டது. வழக்குப் போட்டு ஜெயித்தார். அவர்கள் திவால் ஆகிவிட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். கேஸ் செலவு 700 பவுண்டு இவர் தலையில்.

நான்: பணக்கஷ்டம் அவருக்குப் புதிதில்லையே. அவருடைய அப்பா கடனுக்காக 1824இல் லண்டன் மார்ஷல்சி சிறையில் இருந்தார் என்று படித்திருக்கிறேன்.

சித்தப்பா: ஆமாம். அப்போது டிக்கன்ஸுக்குப் பன்னிரண்டு வயது. ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை, வாரம் 6 ஷில்லிங். பெரிய எழுத்தாளரான பிறகும் பிள்ளைகளிடம்கூட அதைச் சொன்னதில்லை. அவர் இறந்த பிறகு நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளியே வந்தது.

அத்தை: லேபிளா?

அத்தை: நான் தீப்பெட்டிக்கு ஒட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து இருட்டும் வரை. விரல் இடுக்கில் பசை காய்ந்து தோலோடு உரியும். நீ அப்போது தொட்டிலில் கிடந்தாய் தம்பி.

அக்கா: அத்தை, இதை நீங்கள் சொன்னதே இல்லையே.

அத்தை: சொல்ல என்ன இருக்கிறது.

சித்தப்பா: அக்கா, இந்தக் கதையில் எனக்குப் பயம் தருவது மார்லி இல்லை. இரண்டாவது ஆவி தன் அங்கியை விலக்கிக் காட்டும். காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பையன், ஒரு பெண். அறியாமை, இல்லாமை என்று பெயர். கதை எழுதிய அந்த 1843இல் ஆலைகளில் வேலை பார்த்த குழந்தைகளைப் பற்றி அரசாங்க அறிக்கை வந்தது. அதைப் படித்துவிட்டு டிக்கன்ஸ் முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதத்தான் நினைத்தார். பிரசுரம் போட்டிருந்தால் அன்றைக்கே பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

அண்ணன்: சரி, நான் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். முதலாளி திருந்துவதை மட்டும் நம்ப மாட்டேன்.

நான்: பிறகு ஊர் ஊராக மேடையில் இதைப் படித்துக் காட்டியிருக்கிறார். 1853இல் பர்மிங்ஹாமில் தொடங்கியபோது ஒரு நாள் வாசிப்பைத் தொழிலாளர்களுக்கு என்றே கேட்டு வாங்கினாராம், டிக்கெட் ஆறு பென்ஸ். 1870 மார்ச்சில் கடைசியாக மேடை ஏறியபோதும் இதைப் படித்தார். ஜூனில் இறந்துவிட்டார். கைப்பிரதி இப்போது நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கிறது.

அக்கா: எல்லாம் சரி, நாளைக்குக் காலை எட்டு மணிக்கு வேன் வந்துவிடும். சங்கிலி?

அண்ணன்: பைக் பூட்டுகிற சங்கிலி தருகிறேன். ராத்திரி வண்டியை உள்ளே ஏற்றிக்கொள்கிறேன்.

அத்தை: தாடைக்கு வெள்ளைத் துணி மட்டும் வேண்டாம். என்னுடைய பச்சை மஃப்ளர் இருக்கிறது, அதைக் கட்டு. குளிருக்குக் கட்டினது போல இருக்கும்.

அக்கா: பச்சை மஃப்ளர் கட்டின பேயா அத்தை? 😂 சரி, கட்டுகிறேன்.

சித்தப்பா: பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டேன். சாவி தொலைந்து பத்து வருஷம் ஆயிற்று, திறக்காது. உள்ளே ஏதோ உருளுகிறது. சின்னவனிடம் ஆட்டி ஆட்டி நடக்கச் சொல்.