கடற்கன்னி வால் மிதந்துக்கிட்டே இருக்கு, வழி சொல்லுங்க

வணக்கம். மார்த்தாண்டத்தில் தையல் கடை வெச்சிருக்கேன். அக்கா மகளுக்கு, போட்டுக்கிட்டு நீந்துற மாதிரி ஒரு கடற்கன்னி வால் தைச்சேன். தரையில் பார்க்க அம்சமா இருக்கு. தண்ணியில் இறங்கினால் கால் பக்கம் தூக்கிக்குது, தலை கீழே போகுது. உதைச்சா துடுப்பு வெளியே வந்து சளார்னு அடிக்குதே தவிர ஆள் நகரல.

வெளியே நீச்சலுடை லைக்ரா, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாங்கினது. உள்ளே 5 மி.மீ. நியோப்ரீன் (நுரை மாதிரியான ரப்பர் ஷீட்). துடுப்பு 3 மி.மீ. பாலிகார்பனேட் (கெட்டி பிளாஸ்டிக்) தகடு, பழைய ரப்பர் செருப்பில் போல்ட் போட்டது. குதிகாலில் வெல்க்ரோதான், அவசரத்துக்கு உடனே காலை உருவிடலாம். அவளுக்கு 15 வயசு, நல்லா நீந்துவாள். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு இதைப் போடவே கூடாது. ஓணத்துக்குத் தொடங்கினது, கிறிஸ்துமஸ் லீவுக்குள் சரியாகணும். நீந்துறது திருவனந்தபுரத்தில், குளோரின் குளத்தில்.

துடுப்பு நுனியில் ஓட்டை போட்டேன். உள்ளே அடைஞ்ச காற்று குமிழ் குமிழா வெளியேறிடுச்சு, மிதப்பு மட்டும் போகல. நியோப்ரீனை ஊறவெச்சுப் பிழிஞ்சும் பிரயோஜனமில்ல, அதன் காற்றறைகள் மூடினவை. குளச்சலில் வாங்கின தூண்டில் ஈயக்குண்டுகளைத் துடுப்பு ஓரத்தில் தைச்சேன். வால் தாழ்ந்தது, ஆனா தகடு ஒரு பக்கம் முறுக்கிக் கணுக்கால் வலிக்குதுங்கிறாள். நியோப்ரீனை எடுத்துட்டா முழங்கால் எலும்பு துருத்தித் தெரியும், துணியும் சுருங்கும்.

நியோப்ரீனை எடுக்காமல், எடையை வாலில் எந்த இடத்தில் வெச்சா உடம்பு சமமா நிற்கும்?