மதில் மேல் பூனையும் பச்சோந்தியும் ஒன்றா?

தஞ்சாவூர்க்காரன்:
எங்கள் தெருக்காரர் ஒருவர், கூட்டுறவு சங்கத் தேர்தலில் காலையில் ஓர் அணியோடு டீ குடித்தார், சாயங்காலம் எதிரணியோடு போண்டா சாப்பிட்டார். ரெண்டு பக்கமும் "என் ஓட்டு உங்களுக்குத்தான்". நான் அவரை 'மதில் மேல் பூனை' என்றேன். மாமனார், "தப்பு மாப்ளே, அவர் பச்சோந்தி" என்கிறார். ரெண்டும் ஒன்றுதானே?

பழைய தமிழ் வாத்தியார்:
மாமனார் சொல்வதே சரி, தம்பி. மதில் மேல் பூனை இன்னும் குதிக்கவில்லை. எந்தப் பக்கம் குதிக்கும் என்று அதற்கே தெரியாது. அது தயக்கம், வஞ்சகம் இல்லை. ப்ளஸ் டூ முடித்துவிட்டு பொறியியலா, பி.காமா என்று நிற்கும் பையனையும் அப்படிச் சொல்லலாம். அவனைப் போய்ப் பச்சோந்தி என்றால் அழுதுவிடுவான். பச்சோந்தி என்பது லாபம் பார்த்து நிறம் மாற்றுகிற ஆளுக்கு. (நிஜப் பச்சோந்தி பாவம். அது நிறம் மாறுவது உடல் சூட்டைச் சரிசெய்யவும், மற்ற பச்சோந்திகளுக்குச் சேதி சொல்லவும்தான்.)

மதுரை வாசகி:
வடக்கே இதற்கு 'ஆயா ராம், கயா ராம்' என்பார்கள். வந்தார் ராம், போனார் ராம். 1967-ல் ஹரியானா எம்எல்ஏ கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறியதில் பிறந்த சொல். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல்தான் வந்தது.

தஞ்சாவூர்க்காரன்:
சரி ஐயா, மாமனாரிடம் தோற்றேன். அப்புறம், அந்த மனிதர் இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி கேட்கிறார்.