ஒரே ஒரு சிம்ஃபொனிக்காக வாழ்ந்த பத்திரிகை முதலாளி: கில்பர்ட் கேப்லானை இசைக்கலைஞர்னு சொல்லலாமா?

கீழ்ஸ்தாயி:
நேத்து ராத்திரி ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரோட ரெண்டாவது சிம்ஃபொனி கேட்டேன், லண்டன் சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ரா 1987ல ரெக்கார்ட் பண்ணது, நடத்துனவர், அதாவது கண்டக்டர், கில்பர்ட் கேப்லான். தெரியாதவங்களுக்காக சொல்றேன், இவர் தொழில்முறை இசைக்காரர் கிடையாது, நியூயார்க்ல 1967ல இன்ஸ்டிடியூஷனல் இன்வெஸ்டர்னு ஒரு முதலீட்டுப் பத்திரிகை ஆரம்பிச்சு பெரிய ஆளானவர். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி கார்னகி ஹால்ல ஸ்டொகோவ்ஸ்கிங்கிற கண்டக்டர் அமெரிக்கன் சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ராவ வெச்சு இதே சிம்ஃபொனிய நடத்தினத கேட்டிருக்காரு, அன்னைக்குப் புடிச்ச பித்து சாகுற வரைக்கும் விடல. 40 வயசுல வாத்தியார் வெச்சு கத்துக்கிட்டு, 1982ல அதே ஆர்கெஸ்ட்ராவ தன் காசுல ஏற்பாடு பண்ணி, அழைச்சவங்க முன்னாடி நடத்தினாரு. அதோட நின்னுடுவாருன்னு எல்லாரும் நெனச்சாங்க, ஆனா அதுக்கப்புறம் 50க்கு மேல ஆர்கெஸ்ட்ராவோட இத நடத்திட்டாரு. என்னைக் கேட்டா இவர் முழு இசைக்கலைஞர்தான்.

இரண்டாம்வரிசை:
மன்னிக்கணும் நண்பா, நான் ஒத்துக்க மாட்டேன். நான் பல வருஷம் செகண்ட் வயலின்ல உக்காந்தவன். மேடைக்குக் கீழ உக்காந்து கேக்குறதும் ஸ்டாண்டுக்குப் பின்னாடி உக்காந்து வாசிக்கிறதும் ஒண்ணு இல்ல. கண்டக்டர் தடுமாறினா என்ன ஆகும் தெரியுமா, எல்லாரும் அவர் கையப் பாக்குறத விட்டுட்டு முதல் வயலின் லீடரோட வில்லைப் பாக்க ஆரம்பிச்சிடுவோம், ஒருத்தர் மூச்ச இன்னொருத்தர் கவனிச்சு எப்படியோ கரை சேத்துடுவோம், ஹால்ல இருக்கறவங்க கை தட்டுவாங்க, பேரு அவருக்குப் போகும். எனக்கு இது நடந்திருக்கு, யாரு எங்கன்னு சொல்ல விரும்பல. 2008 டிசம்பர் 8ல கேப்லான் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்க நடத்தினப்புறம் அந்த ஆர்கெஸ்ட்ராவோட டிராம்போன்காரர் ஒருத்தர் தன் பேரப் போட்டே கடுமையா எழுதினாரே, வாசிச்சவங்க சொல்றத விட பெரிய சாட்சி வேணுமா?

கணக்குப்பிள்ளை:
அந்த தேதிய நீங்களே சொன்னது நல்லதாப் போச்சு சார். 1908 டிசம்பர் 8ல மாலரே நியூயார்க்ல நின்னு இந்த சிம்ஃபொனிய அமெரிக்காவுல முதல் தடவையா நடத்தினாரு, சரியா நூறு வருஷம். அந்த நாளோட அருமை தெரிஞ்ச ஆள வெறும் காசுக்காரன்னு ஒதுக்காதீங்க. இன்னொண்ணு, மாலர் கைப்பட எழுதின ஸ்கோர (முழு இசைக்குறிப்ப) 1984ல வாங்கி பெட்டில பூட்டி வெக்கல, அச்சு அசலா நகல் போட்டு புத்தகமா வெளியிட்டாரு. அப்புறம் ஆராய்ச்சியாளர்களோட உக்காந்து, அச்சான ஸ்கோர்ல இருந்த நூத்துக்கணக்கான தப்பத் திருத்தி புதுப் பதிப்பு கொண்டு வந்தாரு. வருஷத்துக்கு நாப்பது கச்சேரி நடத்துற பெரிய பெரிய ஆளுங்க எத்தனை பேர் ஒரு ஸ்கோருக்கு இவ்ளோ நேரம் குடுத்தாங்க? அமெரிக்க இசையமைப்பாளர் சார்ல்ஸ் ஐவ்ஸ் பல வருஷம் இன்சூரன்ஸ் தொழில்தானே பண்ணாரு, அவர இசைக்காரர் இல்லன்னு யாராவது சொல்றாங்களா?

இரண்டாம்வரிசை:
ஐவ்ஸ இதுல சேக்காதீங்க, அவர் யாரோட இடத்தையும் எடுத்துக்கல. பகல்ல நியூயார்க்ல கம்பெனி நடத்தினாரு, ராத்திரியும் லீவு நாள்லயும் எழுதினாரு. மூணாவது சிம்ஃபொனிய எழுதி முடிச்சு நாப்பது வருஷம் கிட்ட ஆச்சு மேடை ஏற, 1946லதான் முதல்ல வாசிச்சாங்க, மறுவருஷம் புலிட்சர் பரிசு. கேப்லான் மாதிரி காசு குடுத்து முன்னாடி நின்னாரா?

கணக்குப்பிள்ளை:
காசு குடுத்தாரு சார். 1931ல ஸ்லொனிம்ஸ்கிங்கிற கண்டக்டர் பாரிஸ்ல அமெரிக்க இசைய வெச்சு நடத்தின கச்சேரிக்குப் பின்னாடி இருந்தது ஐவ்ஸோட இன்சூரன்ஸ் பணம். அந்தப் பணம் இல்லன்னா அங்க அந்த இசைய யாரு கேட்டிருப்பாங்க?

இரண்டாம்வரிசை:
குடுத்தாரு, சரி. ஆனா கண்டக்டர் குச்சிய ஸ்லொனிம்ஸ்கி கையில குடுத்துட்டு ஒதுங்கி இருந்தாரு. நான் சொல்ற வித்தியாசமே அதுதான். உதவி கண்டக்டரா வருஷக்கணக்குல காத்திருக்கிற பசங்கள நான் பாத்திருக்கேன், ஒரு ஒத்திகையாவது கெடைக்காதான்னு ஏங்குவாங்க. அவங்களுக்கு மாலர் ரெண்டு எப்ப கெடைக்கும்? ஆர்கன், மணி, மேடைக்கு வெளிய ஒரு தனி பித்தளைக் குழு, கோரஸ், ரெண்டு பாடகிகள், எல்லாம் சேத்து ஒண்ணரை மணி நேரம் கிட்ட போகும், அதுக்கு ஆகுற செலவுக்கே யாரும் தர மாட்டாங்க.

ஆல்ட்டோ_அக்கா:
நான் கோரஸ்ல பாடினவ, அதனால ஒரு விஷயம் சொல்றேன். இந்த சிம்ஃபொனில நாங்க ஒரு மணி நேரத்துக்கு மேல வாயத் திறக்காம உக்காந்திருப்போம். அப்புறம் திடீர்னு, துணைக்கு பெருசா எதுவும் இல்லாம, காதுல விழுதா இல்லையாங்கற அளவுக்கு மெதுவா ஆரம்பிக்கணும். பெரும்பாலும் எழுந்திரிக்கக் கூட விட மாட்டாங்க, உக்காந்தபடியே. தொண்டை காஞ்சிருக்கும், பயமா இருக்கும். அந்த நேரத்துல எங்களுக்கு பீட் தேவையில்ல, முன்னாடி நிக்கிறவர் எங்களோட சேந்து மூச்சு எடுத்தா போதும். லண்டன் சிம்ஃபொனி ரெக்கார்டிங்ல அந்த எடத்தக் கேளுங்க அண்ணா, அவ்ளோ பேரும் ஒரே மூச்சுல வர்றாங்க. முன்னாடி நின்னவருக்கு எங்க பயம் புரியாம இருந்தா அப்படி வந்திருக்காதுன்னு நான் நம்புறேன்.

இரண்டாம்வரிசை:
அது அந்த கோரஸ தயார் பண்ணவரோட உழைப்பா ஏன் இருக்கக் கூடாது தங்கச்சி? அவர் பேர யாரு ஞாபகம் வெச்சிருக்கா?
ஆனா அந்தப் பதிப்பு விஷயத்த ஒத்துக்கறேன். தப்பு ஸ்வரம் அச்சான பார்ட்ட (வாசிக்கிற தாள) வெச்சுக்கிட்டு, ஒத்திகைல பாதி நேரம் "உன்னுது எஃபா எஃப் ஷார்ப்பா"ன்னு கேட்டுக் கேட்டு வீணாக்கினவன் நான். அதுக்காக அவர கும்பிடலாம். மேடை ஏறினதுக்கு இல்ல.

கீழ்ஸ்தாயி:
2002ல வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோட அந்தப் புதுப் பதிப்ப வெச்சுத்தான் மறுபடியும் ரெக்கார்ட் பண்ணாரு. கடைசி மூவ்மென்ட்ல (பகுதில) மேடைக்கு வெளிய ஹார்ன் கேக்குற எடத்துல ஆரம்பிச்சு முடிவு வரைக்கும் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க சார். லீடர் வில்லப் பாத்து கரை சேத்த மாதிரி கேக்குதான்னு உங்க காதாலயே சொல்லுங்க, நான் காத்திருக்கேன்.