மூணு மூட்டைக்கு ஒரு வண்டி: டீசல், தூரம், சைட் டெலிவரி அனுபவங்கள்

ராசிபுரம் ஹார்டுவேர்:
20க்கு 20 அடி ரூஃப் கான்கிரீட், கடையிலிருந்து 20 கி.மீ. காலையில் டாடா 407 லாரியில் 36 மூட்டை சிமெண்ட் போய்விட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு மூணு மூட்டை பத்தவில்லை. மெஷின் நின்றது. ஒரு ஓரத்தில் ஒன்றரை அடி அகலத்துக்கு வெறும் கம்பி தெரிந்தபடி கிடந்ததுதான் மனசை விட்டுப் போகாத காட்சி.

சின்ன யானையில் (டாடா ஏஸ்) மூணு மூட்டை ஏறியது. போக வர 40 கி.மீ., லிட்டருக்கு 15 என்று வைத்தால் 2.7 லிட்டர். டீசல் 92 ரூபாய் கணக்கில் 245. மூட்டைக்கு 82 ரூபாய்! அதே வண்டி 15 மூட்டையோடு போனால் மூட்டைக்கு 16தான். வண்டி வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடி, போட்ட கான்கிரீட்டின் ஓரம் இறுகிவிட்டது. ஒழுகினால் முதலில் அந்த ஜாயிண்டில்தான் ஒழுகும்.

சேந்தமங்கலம் கம்பிக்கடை:
சமதளத்தில் 20 கி.மீ. ஒரு தூரமே இல்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவு, லோடோடு முதல் கியர், இரண்டாம் கியர்தான். 15 கொடுக்கும் வண்டி அங்கே 8, 9 கொடுத்தால் அதிகம்.

அதைவிடக் கம்பிதான் பிரச்சினை. 40 அடி என்று சொல்லும் 12 மீட்டர் கம்பியை நாலாக மடித்துப் பிக்கப்பில் ஏற்றி அனுப்பினார்கள். மேலே சம்மட்டியால் தட்டி நிமிர்த்தியபோது 12 எம்எம் கம்பி மடிப்பில் வெடிப்பு விட்டது. மடிப்பை எல்லாம் வெட்டிப் போட வேண்டியதாயிற்று. ஒரு கம்பி 10.66 கிலோ, வீணானதற்கும் சேர்த்துத்தான் டீசல் எரிந்தது. அந்த ரூஃபுக்குத் தேவைப்பட்டதே 13 அடித் துண்டு. கடையிலேயே மூன்றாக வெட்டியிருந்தால் சேதாரம் நாலு இன்ச் சொச்சம்தான்.

நாமக்கல் லாரி செட்:
ராசிபுரம் நண்பரே, 82 ரூபாய் கணக்கு பாதிதான். டீசல் மட்டும் செலவா? டிரைவருக்கு இரண்டு மணி நேரம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டயர் தேய்மானம் எல்லாம் எங்கே? திரும்பும்போது வண்டி காலி. டீசலை மட்டும் கேட்டு வாங்கும் கடை ஒவ்வொரு ட்ரிப்பிலும் கைக்காசு போடுகிறது.

இன்னொன்று. வாடகையை சிமெண்ட் பில்லிலேயே சேர்த்தால் அதுவும் சரக்கின் மதிப்பில் சேர்ந்து, சிமெண்டுக்குள்ள ஜிஎஸ்டிதான் அதற்கும். 2025 செப்டம்பர் 21 வரை 28 சதவீதமாக இருந்தது, 22-லிருந்து 18. மேஸ்திரி சதுர அடிக்கு ரேட் பேசும்போது இதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

சேலம் பிளம்பிங்:
பாத்ரூம் சுவரில் பைப் பதிக்கக் காடி எடுத்து, பைப் ஒட்டி, டெஸ்ட் பண்ண உட்கார்ந்தால் பைப் முனையை அடைக்கும் முக்கால் இன்ச் எண்ட் கேப் ஒன்று குறைகிறது. சில ரூபாய்ப் பொருளுக்கு 18 கி.மீ. பைக். பூச்சுக்காரர் கலவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். லிஸ்டை இரண்டாகப் போடுங்கள்: காடிக்குள் போவது ஒன்று, டைல்ஸ் முடிந்தபின் மாட்டுவது ஒன்று. முதல் லிஸ்டில் எல்போ, டீ, எம்டிஏ (வெளிமரை அடாப்டர்), எஃப்டிஏ (உள்மரை அடாப்டர்) பத்துக்கு ஒன்று கூடுதல். எண்ட் கேப் பாயிண்டுக்கு ஒன்று, மேலே இரண்டு. பைப் ஒட்டும் சால்வென்ட் பெரிய டின் ஒன்றுக்குப் பதில் சிறிய டின் இரண்டு, ஏனென்றால் திறந்த டின் வெயிலில் கெட்டியாகிவிடும். ஒட்டாத ஃபிட்டிங்கைத் திரும்ப எடுப்பார்களா என்று வாங்கும்போதே பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஆர்டரை முந்தின நாள் சாயங்காலமே கொடுத்தால் கடைக்காரர் அதே ரூட்டில் இருக்கும் மூணு நாலு சைட்டை ஒரே வண்டியில் சேர்ப்பார். கடைசியில் இறக்குவது முதலில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சைட்டிலும் பைப்பை இறக்கி ஏற்றியே மதியம் ஆகிவிடும். லொக்கேஷனோடு, கடைசி 200 மீட்டரில் வண்டி நுழையுமா, ஒயர் தாழ்வாகத் தொங்குகிறதா என்பதையும் சொல்லுங்கள். வண்டி தெருமுனையிலேயே நின்றால் தலைச்சுமைக் கூலி தனி.

சேந்தமங்கலம் கம்பிக்கடை:
ராசிபுரம், 36 என்ற கணக்கு எப்படி வந்தது?

ராசிபுரம் ஹார்டுவேர்:
நாலரை இன்ச் கனத்துக்குப் போட்டது. கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம் 34, இரண்டு கூட்டி 36. கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் தொய்ந்து கனம் 5 இன்ச் ஆகிவிட்டது. அதற்குச் சேதாரம் இல்லாமலே 38 வேண்டும். கம்பி கட்டியபின் நாலு இடத்தில் கனத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. 407-ல் மூணு மூட்டைக்கு இடம் இருந்தது.