இக்கிடோஸ் பக்கம் ஆலயம் கட்டப் போகிறோம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஜூலையில் நாங்கள் எட்டுப் பேர் பெரு நாட்டுக்குப் போகிறோம். இக்கிடோஸிலிருந்து படகில் போக வேண்டிய ஓர் ஆற்றங்கரை ஊரில் சின்ன ஆலயம் கட்டும் வேலை. இக்கிடோஸுக்கே வெளியிலிருந்து சாலை கிடையாது. விமானம் அல்லது படகுதான். அங்குள்ள போதகர் அனுப்பிய படத்தில், தார்ப்பாயின் கீழே மழைத்தண்ணீர் ஓட, பிள்ளைகள் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து ஜெபிக்கிறார்கள். அதைப் பார்த்தபின் மனசு அங்கேயே நிற்கிறது.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். சரி, அது முடிந்தது. மலேரியா மாத்திரையில்தான் குழப்பம். டாக்ஸிசைக்ளினை ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும், வெயில் பட்டால் தோலும் சீக்கிரம் கன்றிவிடுமாம். நாள் முழுக்கக் கூரைமேல் தகரம் அடித்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? மருத்துவரிடமும் கேட்போம், ஆனாலும் உங்கள் அனுபவம் வேண்டும்.

அப்புறம், வெள்ளம் ஏறும் கரை என்பதால் மரக்கால் நட்டு அதன்மேல்தான் தளம். துருப்பிடிக்காத ஆணிகளை இங்கிருந்தே சுமந்து போகவா, இக்கிடோஸில் வாங்கலாமா? டிரில்லின் உபரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பது தெரியும். ஊரில் மின்சாரம் மாலையில் மட்டும்தானாம், சார்ஜ் போட என்ன செய்தீர்கள்?