மாக்கிங்பேர்டுக்குத் துணையாக இன்னொரு நாவல் வேண்டும்

நண்பர்களே, ஒரு உதவி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஹார்பர் லீயின் 1960 நாவலான 'டு கில் எ மாக்கிங்பேர்டை'ப் படித்துக்கொண்டிருக்கிறோம். செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கும் கறுப்பினத்தவர் டாம் ராபின்சன், அவருக்காக வாதாடும் வெள்ளைக்கார வக்கீல், அந்த வழக்கைப் பார்க்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்று போகும் கதை. அரசு வக்கீல் டாம் ராபின்சனைப் பொடியனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு மடக்குவதைத் தாங்காமல் டில் என்ற வெள்ளைக்காரச் சிறுவன் அழுகிறானே, அங்கே ஒரு பெண் கேட்டாள்: "சரி, டாமுக்கும் பிள்ளைகள் உண்டே, அவர்கள் கதை எங்கே?" நியாயமான கேள்விதான்.

கறுப்பின எழுத்தாளர் மில்ட்ரெட் டெய்லரின் 1976 நாவலான 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' மட்டும்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. 1933 மிசிசிப்பியில், வெள்ளைப் பிள்ளைகள் உபயோகித்துக் கழித்த கிழிந்த பாடப்புத்தகம் ஆறு வயதுக் கறுப்பினப் பையன் கைக்கு வருகிறது. புத்தகம் எந்த இனப் பிள்ளைக்கு எந்த நிலையில் போனது என்று உள்ளட்டையில் ஒட்டியிருக்கும் பட்டியலில் தன் இனத்தை இழிவாகக் குறிக்கும் பெயரைப் பார்த்ததும் அதைத் தரையில் வீசி மிதிக்கிறான்.

இதுபோல் கறுப்பின எழுத்தாளர்கள் குழந்தைப் பார்வையில் எழுதியது வேறென்ன இருக்கிறது? தமிழில் கிடைத்தால் ரொம்ப நல்லது. நல்ல மனசுள்ள வெள்ளைக்கார வக்கீல் நடுவில் நிற்கும் கதை மட்டும் வேண்டாம்.